பஞ்சநாதனின் இடது பக்கம்

சுரக்குடியில் ‘ஜீப்பு பஞ்சநாதன்’ என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். அரசாங்க இலாகா ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவ்வளவு காலத்தில் அவர் பெயரில் ஒரு கேஸ் கிடையாது. ஓய்வு பெற்ற அன்று அதிகாரிகள் அதைச் சொல்லித்தான் சால்வை போர்த்தினார்கள். கைக்கு வந்த பணத்தில் ஒரு மாருதி ஆம்னி வாங்கி, மஞ்சள் போர்டு எழுதி, வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார். சனிக்கிழமை என்றால் மயிலாடுதுறைக்குப் போய் வெளியூர்க் குடும்பங்களை ஏற்றிவந்து திருநள்ளாற்றில் இறக்குவார். அவர்கள் குளத்தில் முழுகி, சாமி பார்த்து வரும்வரை காத்திருந்து திரும்பக் கொண்டுபோய் விடுவார். ஊரில் யாருக்குப் பிரசவ வலி என்றாலும் வண்டியை எடுப்பார், வாடகை கேட்கமாட்டார். அதனால் ஊருக்கு அவர்மேல் நிறைய மரியாதை. பின்னால் எல்லார் வாயையும் கட்டிப்போட்டது அந்த மரியாதைதான்.

அவர் மனைவி கனகாம்பாளுக்கு முதல் சந்தேகம் வந்தது சோறு போடும்போது. கொல்லை வாழையில் இலை அறுத்துத்தான் அவருக்குப் பரிமாறுவாள். ஊறுகாய், துவையல் எல்லாம் இலையின் இடது கோடியில்தானே வைப்பார்கள்? வைத்துவிட்டு நிமிர்வதற்குள், “ஊறுகா இல்லையா?” என்பார். இடது பக்கம் வைத்த தண்ணீர்ச் செம்பைக் கை தட்டிவிடும். நிலைப்படியில் இடது தோள் இடிக்கும். வயசாகிவிட்டது, நிதானம் போய்விட்டது என்று அவள் முதலில் நினைத்தாள்.

2003இல் நெடுங்காட்டில் ஒரு கல்யாணத்துக்கு ஆம்னியில் போனார்கள். வாய்க்கால் கரையோரச் சாலை. இடது பக்கம் ஒரு ஆள் உரமூட்டையை சைக்கிளில் வைத்து ஓட்டிப் போனான். பஞ்சநாதன் அந்த இடத்தில் யாருமே இல்லாததுபோல வண்டியை ஓரம் கட்டினார். கனகாம்பாள் அலறினாள். அந்த ஆள் மூட்டையோடு வாய்க்கால் சரிவில் விழுந்து எழுந்து, கையை ஓங்கித் திட்டினான்.

“ஏன் கத்துற?” என்றார் பஞ்சநாதன்.

“அந்த சைக்கிள்காரன் உழுந்துட்டான் பாருங்க!”

“எந்த சைக்கிளு?”

அவர் சமாளிப்பதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். கனகாம்பாளுக்குப் பயம் பிடித்தது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்ததும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். “உங்களுக்கு இடப்பக்கம் சரியா தெரியலங்க. ஒரு நடை கண்ணு டாக்டர்கிட்ட காட்டிட்டு வருவோம்.”

அவர் அன்றைய பேப்பரை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு சினிமா விளம்பரத்தின் கீழே எறும்பு மாதிரி இருந்த எழுத்தை வரிசையாகப் படித்துக் காட்டினார். “கண்ணு தெரியாதவன் இத படிப்பானா?”

நேராக இருப்பது அவருக்குக் கண்ணாடி போலத் தெரிந்தது. பக்கவாட்டில்தான் உலகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. குறைவது அவருக்கே தெரியவில்லை.

மகன் குணசேகரன் புதுச்சேரியில் அரசாங்க வேலையில் இருந்தான். அவனுக்கு போன் போட்டாள். அவன் சிரித்தான். “அப்பாவுக்கா? அவரு கண்ண கட்டிக்கிட்டே காரைக்காலு முழுக்க ஓட்டுவாரும்மா.”

அவள் பேச்சை நம்பியது ஒரே ஒருத்தி. கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் காசியம்மா. புருஷன் இல்லாதவள், ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். வாசலில் அலுமினியத் தட்டை இறக்கி வைத்துப் பொடிமீனைக் கூறு போட்டுக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் யம்மா. கரைக்குக் கொண்டாந்த மீன் போட்ட கல்லு மேல ஏத்துனாரு. மறுநாளு நீங்க வாணான்னு சொல்லிட்டானுவ, கூடப் போற பயலுவ. ஒரு வருசம் யாரோடயும் பேசல அவரு.”

“அதோட நின்னுட்டாரா?”

“பின்ன? கூடப் போறவன் உசிருல்ல.” தட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தாள். “ஒங்க வூட்டு வண்டி சத்தம் கேட்டா நான் இனிமே வயல்ல எறங்கி நின்னுக்குறேன்.”

மறு வருஷம் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டிய தேதி வந்தது. அதற்கு டாக்டர் சான்று வேண்டும். இதைத்தான் கனகாம்பாள் எதிர்பார்த்திருந்தாள். நானும் வருகிறேன் என்று பிடிவாதமாக வண்டியில் ஏறிக்கொண்டாள்.

காரைக்காலில் அந்த டாக்டர் பஞ்சநாதனைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். டாக்டர் குடும்பம் எங்கே போனாலும் இந்த ஆம்னிதான். “உங்களுக்கு எதுக்கு செக்கப்பு? குடுங்க,” என்று பேனாவைத் திறந்தார்.

“டாக்டர், இவருக்கு இடப்பக்கம் தெரிய மாட்டேங்குதுங்க. சைக்கிள், ஆடு மாடு எதுவும் தெரியல. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க,” என்றாள் கனகாம்பாள். பஞ்சநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் எதிர்ச் சுவரைக் காட்டினார். “பஞ்சநாதன், அந்தக் காலண்டர்ல இன்னைக்கு என்ன நட்சத்திரம்?”

“அனுஷங்க.”

“எனக்கே தெரியல, இவருக்குத் தெரியுது. போதுமாம்மா?” கையெழுத்துப் போட்டுவிட்டார். வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகள்கூடச் சிரித்தார்கள்.

அவள் விடவில்லை. மறுநாள் அவர் சவாரி போன பிறகு தனியாக பஸ் ஏறிப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்காக வண்டிகள் வரிசையாக நின்றன. ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஹாரன் அடி என்றார், பிரேக்கை மிதி என்றார், இன்டிகேட்டர் போடு என்றார். ஒரு வேனுக்கு இடது பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. அதை மாற்றிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார். கனகாம்பாள் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். இங்கே சொன்னால் கேட்பார்கள் என்று அவளுக்குத் தைரியம் வந்தது.

உள்ளே இருந்த குமாஸ்தா அவள் சொன்னதைப் பாதியில் நிறுத்தினார். “புருஷன் பொண்டாட்டி சண்டையெல்லாம் இங்க கொண்டாராதீங்கம்மா.”

“சண்டை இல்லீங்க. அவரு கண்ண ஒரு தடவ நீங்களே சோதிச்சுப் பாருங்க. ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.”

“டாக்டர் கையெழுத்து இருக்கு. அதுக்கு மேல நாங்க என்ன பாக்குறது?”

“வண்டிய மட்டும் வருஷா வருஷம் பாக்குறீங்களே?”

“வண்டிக்கு எஃப்.சி. உண்டு. ஆளுக்கு ஏதும்மா எஃப்.சி.?” என்றார். பக்கத்தில் நின்ற புரோக்கர் விழுந்து விழுந்து சிரித்தான்.

அவள் வீடு திரும்புவதற்கு முன்னால் சேதி திரும்பிவிட்டது. பஞ்சநாதன் வாசலில் நின்றிருந்தார். கை ஓங்கவில்லை.

“என்ன நம்பி ஆபீசருங்க பின்சீட்டுல தூங்கிக்கிட்டு வந்தாங்க. நீ என்னடான்னா கெழட்டுக் குருடன்னு ஆபீசுலயே போயி சொல்லிட்டு வந்திருக்க.”

அன்றிலிருந்து அவளோடு பேச்சு நின்றது. ஒருநாள் அவள் வண்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். அவர் தேடவும் இல்லை, கேட்கவும் இல்லை. சாப்பிடாமல் வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தெருப் பெண்கள் வந்தார்கள். “என்னா கனகாம்பா இது, நல்லா ஓடியாடுற மனுஷன மொடக்கிப் போடுற?” என்றார்கள். சாயங்காலம் சாவியைக் கொண்டுபோய் அவர் மடியில் போட்டாள். அதன் பிறகு அவளும் எதுவும் சொல்லவில்லை. வண்டி திரும்பும் சத்தம் கேட்கும்வரை அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான்.

இடையில் சுனாமி வந்தது. காசியம்மாவின் வீடு போயிற்று. அவள் அன்று காலையில் கடற்கரையைவிட்டு உள்ளே தள்ளி வியாபாரத்துக்குப் போயிருந்ததால் தப்பினாள். சில மாதம் கழித்து மறுபடி மீன் தட்டோடு சுரக்குடிக்கு வர ஆரம்பித்தாள்.

2006இல் ஒரு காலை. நல்ல வெயில். மெயின் ரோட்டிலிருந்து சுரக்குடிக்குத் திரும்பும் முனையில் காசியம்மா பஸ்ஸைவிட்டு இறங்கினாள். தட்டைத் தலையில் ஏற்றிச் சும்மாட்டைச் சரி செய்துகொண்டு ரோட்டின் ஓரத்தில்தான் நின்றாள். பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. அதன் பின்னால் வந்த ஆம்னி அப்படியே இடது பக்கம் திரும்பியது. டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அவள் நிற்கிற இடத்திலேயே திரும்பியது. எல்லோரும் கத்திக்கொண்டு ஓடி வந்த பிறகுதான் வண்டி நின்றது. பஞ்சநாதன் இறங்கி வந்து, “கல்லுல ஏறிடுச்சா?” என்று கேட்டார்.

மீன்கள் தார் ரோட்டில் சிதறிக் கிடந்தன. காசியம்மாவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே கால் மாதிரியே இல்லை.

வேறு வண்டி எதுவும் கிடைக்கவில்லை. “ஏத்து, ஏத்து!” என்று எல்லோரும் சேர்ந்து அவளை அதே ஆம்னியில்தான் தூக்கிப் போட்டார்கள். பஞ்சநாதன்தான் ஓட்டினார். ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஆஸ்பத்திரிவரை ஓட்டிக்கொண்டு போனார். அந்த நேரத்தில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை.

காசியம்மாவின் காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். போலீசிடம் பஞ்சநாதன், “திடீர்னு குறுக்க வந்துட்டா சார்,” என்றார். வீட்டிலும் அதையே சொன்னார். “எங்கேருந்து வந்தான்னே தெரியல. பராக்கு பாத்துக்கிட்டு வந்து உழுந்துட்டா.” சொல்லச் சொல்ல அது அவருக்கு நடந்த விஷயமாகவே ஆகிவிட்டது.

கனகாம்பாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலருகில் நின்றாள். காசியம்மாதான் பேசினாள். “நீங்கதான் சொல்லியிருந்தீங்கள்ல யம்மா. பஸ்சு சத்தத்துல எனக்கு வண்டி சத்தம் கேக்கல.”

தப்பு தன்மேல் என்பதுபோல அவள் சொன்னாள்.

நஷ்டஈடு கேட்டுக் காசியம்மா சார்பில் கேஸ் போட்டார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தராமல் இருக்க வழி தேடியது. அவர்களுடைய ஆள் ஒருவன் ஊருக்குள் வந்து டீக்கடையில் உட்கார்ந்தான். ஊர்க்கதை எல்லாம் கேட்டான். ஓட்டினவருக்குக் கண் தெரியாது என்று அவர் பெண்டாட்டியே ஆபீசில் போய்ச் சொன்னாளாமே என்பது அவன் காதுக்குப் போயிற்று. கனகாம்பாளுக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது.

அவளுக்கு அது துக்கமாகத் தெரியவில்லை. கடைசியில் ஒருவர் கேட்கிறார், கூண்டில் ஏற்றிக் கேட்கிறார். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள்.

குணசேகரன் புதுச்சேரியிலிருந்து ஓடிவந்தான். “அம்மா, நீ உண்மைய சொல்லி இப்ப யாருக்கு என்ன ஆவப் போவுது? வீடு போயிடும்.”

“நான் சொன்னப்ப நீ சிரிச்சடா.”

“அதுக்கு இப்ப பழி வாங்குறியா?”

அவள் உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. காசியம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, கட்டையை ஊன்றி இறங்கினாள். பஞ்சநாதன் வீட்டில் இல்லை. படியேற முடியாமல் வாசல் மண்ணிலேயே உட்கார்ந்தாள். மகளை ஆட்டோவுக்குப் போகச் சொன்னாள்.

“யம்மா, நீங்க கோர்ட்டுல கண்ணு தெரியலன்னு சொல்லப்போறீங்களா?”

“ஆமா. உனக்காகத்தான் சொல்றேன்.”

“எனக்காகன்னா சொல்லாதீங்க.”

கனகாம்பாளுக்குப் புரியவில்லை.

“வக்கீலு சொல்றாரு. தெரிஞ்சே வண்டிய எடுத்தாருன்னு ஆயிட்டா கம்பெனிக்காரன் கையக் கழுவிக்கிட்டு எல்லாத்தையும் இவரு தலையில கட்டிடுவானாம். இவருகிட்ட நான் எந்தக் காலத்துல வாங்குறது? பென்சனு வாங்கித் திங்கிற மனுஷன்.”

“அப்ப நீதான் குறுக்க வந்தன்னு ஆயிடும் காசியம்மா.”

“ஆவாது. கவனிக்காம திருப்புனாருன்னு டீக்கடைக்காரரு சொல்லிட்டாரு. அது போதுமாம். கண்ணு நல்லாருக்கு, ஆனா கவனிக்கல. அப்பிடின்னாதான் காசு வருமாம்.”

“கண்ணு தெரியாதவன் எப்படிடி கவனிப்பான்?”

“அது நமக்குத் தெரியும். தெரிஞ்சு என்னா பண்றது?” காசியம்மா புடவையை இழுத்து வெட்டுப்பட்ட இடத்தை மூடிக்கொண்டாள். “எனக்கு இருக்கறது ஒரு காலு யம்மா. உண்மைக்காவ கோர்ட்டு கோர்ட்டா ஏறி எறங்க முடியாது.”

கனகாம்பாளும் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்ததும் காசியம்மா எழுந்திருக்க முயன்றாள். கனகாம்பாள்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

காரைக்கால் கோர்ட்டில் கம்பெனி வக்கீல் கேட்டார்: “உங்கள் கணவருக்குப் பார்வை சரியில்லை என்று போக்குவரத்து அலுவலகத்தில் போய்ச் சொன்னீர்களா?”

“சொன்னேங்க.”

“ஏன் சொன்னீர்கள்?”

“புருஷன் பொண்டாட்டி சண்டைங்க. கோவத்துல போய்ச் சொல்லிட்டேன்.”

“அவருக்குக் கண் தெரியுமா, தெரியாதா?”

“நல்லா தெரியுங்க.”

அவ்வளவுதான். இறங்கச் சொல்லிவிட்டார்கள். படியிறங்கும்போது பஞ்சநாதன் பக்கத்தில் வந்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் சரியாகப் பேசாதவர், சின்னப் பையன் மாதிரி முகமெல்லாம் மலர்ந்து சொன்னார்: “இப்பவாவது ஒத்துக்கிட்டியே.” கிளப்புக்கடைக்குக் கூட்டிப்போய் அவளுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தார். அவள் அதைக் குடித்தாள்.

காசியம்மாவுக்கு நஷ்டஈடு கிடைத்தது. போலீஸ் வாங்கி வைத்திருந்த லைசென்ஸ் பஞ்சநாதனுக்குத் திரும்பக் கிடைத்தது. 2007இல் அதைப் புதுப்பிக்க மறுபடி அதே டாக்டரிடம் போனார். “உங்க வீட்டம்மாவே கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொல்லிட்டாங்களாமே, அப்புறம் நான் எதுக்கு?” என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். காலண்டரைக்கூடக் காட்டவில்லை.

அதற்குப் பிறகு கனகாம்பாள் ஒரு காரியம் செய்தாள். அவர் வண்டியை எடுக்கும்போதெல்லாம் முன்சீட்டில் இடது பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவர் எவ்வளவோ திட்டினார். அவள் இறங்கவில்லை.

“சைக்கிளு வருது. ஒரு அம்மா நிக்கிறாங்க. ஆடு. இப்ப திருப்பலாம். வேணாம், வேணாம், ஸ்கூல் புள்ளைங்க. இப்ப திருப்புங்க.”

மயிலாடுதுறைவரை, திரும்பி வரும்வரை, இதே பேச்சு. பின்சீட்டில் இருக்கிற வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். “இந்த வயசுல என்ன ஒரு ஒத்துமை பாருங்க,” என்பார்கள். “இவளுக்கு வண்டின்னாலே பயம் சார்,” என்பார் பஞ்சநாதன். அவர்கள் சாமி கும்பிட்டுவிட்டுப் பிரசாதம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். வெயில் காலத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும். வெந்நீர் ஒரு பாட்டிலில் எடுத்துக்கொள்வாள். காய்ச்சலில் படுத்த நாளில் அவர் தனியாகப் போய்விடக்கூடாதே என்று எழுந்து குளித்துக் கிளம்பியிருக்கிறாள். அப்படியே இரண்டு வருஷம் ஓடிற்று.

2009இல் ஒருநாள் பேரளம் தாண்டி வரும்போது அவராகவே வண்டியை ஓரம் கட்டினார். பின்னால் சவாரி இல்லை. “கண்ணாடியத் தொடச்சு வுடு,” என்றார்.

அவள் இறங்கி முன்கண்ணாடியைத் துடைத்தாள். அதில் தூசிகூட இல்லை.

“இன்னும் நல்லா தொடச்சு வுடு. பொகையா இருக்கு.”

அவள் முந்தானையால் இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, அவளையே பார்ப்பதுபோலவும் பார்க்காததுபோலவும் உட்கார்ந்திருந்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்திருந்தது. வண்டியைப் பூட்டி அங்கேயே நிறுத்திவிட்டு பஸ்ஸில் வந்தார்கள்.

குணசேகரன் புதுச்சேரியில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனான். சின்ன வயசு லேடி டாக்டர். பஞ்சநாதனை எதிரில் உட்காரவைத்து, “என் மூக்கையே பாருங்க ஐயா. என் விரல் எப்ப தெரியுதோ அப்ப சொல்லுங்க,” என்றாள். அவர் இடது காதுக்குப் பக்கத்திலிருந்து விரலை அசைத்துக்கொண்டே மெதுவாக முன்னால் கொண்டுவந்தாள். விரல் கன்னத்தைத் தாண்டியது. அவர் பேசவில்லை. கண்ணைத் தாண்டியது. மூக்குக்கு நேராக வந்த பிறகுதான், “இப்ப ஏதோ நெழலாடுது,” என்றார். வலது பக்கமும் அதேபோல. ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. மிஷின் எதுவும் வைக்கவில்லை, வெறும் விரல்தான். கனகாம்பாள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கண்ணுல பிரஷர். வலிக்காது, அதனால தெரியாது. பத்து வருஷமாவது இருந்திருக்கும். அப்பவே சொட்டு மருந்து போட்டிருந்தா பாதியாவது காப்பாத்தியிருக்கலாம்,” என்றாள் டாக்டர். பிறகு கனகாம்பாள் பக்கம் திரும்பினாள். “நீங்க கூடவேதான இருக்கீங்க? நீங்ககூடவா கவனிக்கல?”

குணசேகரன் கீழே பார்த்தான். கனகாம்பாள் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். நல்ல பெண், அக்கறையாகத்தான் கேட்கிறாள் என்று தெரிந்தது. “மருந்து எத்தன வேளைக்குப் போடணும்மா?” என்று மட்டும் கேட்டாள்.

பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். சீர்காழி தாண்டியிருக்கும். “அப்ப அந்த மீன்காரி...” என்று ஆரம்பித்தார் பஞ்சநாதன்.

கனகாம்பாள் அவர் பக்கம் திரும்பினாள். கோர்ட்டில் பொய் சொன்ன நாளிலிருந்து அவள் வேண்டியது இந்த ஒரு வாக்கியம்தான். அவர் முழுதாகச் சொல்லிவிட்டால், கிளிஞ்சல்மேட்டுக்குப் போய்க் காசியம்மாவிடம் அதையாவது சொல்லலாம்.

“வண்டிய வித்துடலாம்,” என்றார்.

ஸ்டாப் வந்ததும் அவள் அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். வேண்டியதைவிடக் கொஞ்சம் பலமாகவே இழுத்தாள். பின்னால் இருந்தவர், “மெதுவாம்மா, பெரியவரு,” என்றார்.